எழுப்பி விடும் நாற்காலி

சந்தேகம் எனக்குப் பிறவியிலேயே வந்தது இல்லை, உத்தியோகத்தில் வந்தது. ஜமுனாமரத்தூரில் சத்துணவுக் கூடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வந்து இறங்கும் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். மிதந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அரிசி மூட்டையில் மேலாக அள்ளிக் காட்டினால் அடியில் கைவிட்டு அள்ளுவேன். இப்படியே பழகிய கைக்கு எதையும் வந்தபடி வாங்கி வைக்கத் தெரியாது. வேலை முடிந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, சந்தேகப்பட என் வீட்டுக்காரர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார்.

அவர் மலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வளைவுக்கு வளைவு காலை ஊன்றி நின்றே டிக்கெட் கொடுத்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயின. உட்கார்ந்தால் தானாக எழ முடியாது. நான் எதிரில் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும். ஒருநாள் இழுத்த இழுப்பில் கால் வழுக்கி நானும் அவர்மேலேயே விழுந்தேன். அவர் சிரித்தார். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இனிமே நீங்க அவர தூக்கக் கூடாதும்மா. ஆளை எழுப்பி விடுற மோட்டார் சேர் இருக்கு. அதை வாங்குங்க."

வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சை எடுத்ததுமே இவர் முகம் சுண்டிப்போனது.

"அதெல்லாம் இன்னாத்துக்கு? ஆளத் தூக்கி முன்னால போட்ரும்."

நான் நம்பவில்லை. கொண்டை ஊசி வளைவில் படியில் தொங்கிக்கொண்டு போனவர் ஒரு நாற்காலிக்கா பயப்படுவார்? வேறு என்னவோ இருக்கிறது என்று பட்டது. கொஞ்ச நேரம் யோசித்ததில் அது என்ன என்பதும் புரிந்தது. என் தம்பி.

தம்பி கலசப்பாக்கம் பக்கத்தில் நெல் வைக்கிறவன். அவன் மகள் கல்யாணத்தில் வந்தது வினை. அக்கா புருஷன் உள்ளே நுழைந்தால் எழுந்து நின்று "வாங்க மாமா" என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. இவர் மண்டபத்துக்குள் போனபோது அவன் முன்வரிசையில் யாரிடமோ பேசிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். பார்க்கவில்லை என்றான் அவன். பார்த்தான் என்றார் இவர். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. இவர் நாலு பேர் முன்னால் அவனைக் கண்டபடி பேசிவிட்டு, சாப்பிடாமலே வெளியே வந்துவிட்டார்.

அதோடு போக்குவரத்து நின்றது. "மாமா எழுந்து நின்னு 'வாடா'ன்னு கூப்ட்டாதான் அந்த வூட்டுல கால் வைப்பேன்" என்று தம்பி சொல்லிவிட்டான். "அவன் மொதல்ல உள்ள வந்து என் கையப் புடிக்கட்டும், அப்புறம் எழுந்துக்கிறேன்" என்று இவரும் சொல்லிவிட்டார். முழங்கால் போன பிறகு இவருக்கு இன்னும் வசதி. முடியாத மனிதரிடம் ஏன் எழவில்லை என்று யார் கேட்பார்கள்? தம்பி சந்தை நாளில் மலைக்கு வருவான், என்னைக் கடைப்பக்கம் பார்த்து ஒரு பை வேர்க்கடலையைக் கையில் கொடுப்பான், அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிப் போய்விடுவான். கூடப் பிறந்தவனைத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று பார்த்துவிட்டு வருவது எனக்கு எவ்வளவு வலித்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

இப்போது அவன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போனில் சொன்னான்: "பத்திரிகை எடுத்துனு வர்றேங்கா. வாசல் வரைக்கும் வருவேன். மாமா எழுந்தா உள்ள. இல்லன்னா வாசல்லயே குட்த்துட்டு போய்ட்றேன்." வாசலில் வைத்துவிட்டுப் போகும் பத்திரிகையை இவர் தொடமாட்டார். இவர் தொடாத பத்திரிகைக்கு நான் எப்படிக் கிளம்புவேன்? என் தம்பி மகனுக்கு நலங்கு வைக்க அத்தை நான் இருக்கப் போவதில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். நாற்காலி வந்தால் இவருக்குச் சாக்கு போய்விடும். அதனால்தான் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அதனாலேயே வாங்கியே தீர்வது என்று நானும் முடிவு செய்தேன்.

வேலூர் கடைக்கு இவரையும் இழுத்துக்கொண்டு, ஒரு துடைப்பக் குச்சியோடு போனேன். இவருடைய குதிங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து ஒடித்த குச்சி. கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாருக்கும் ஒரே சைஸ்தாம்மா. ஐயா சும்மா உக்காந்து பாக்கட்டும்."

எல்லோருக்கும் ஒரே சைஸ் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் ஒரே சைஸ்தான் விற்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அவர் காட்டிய முதல் நாற்காலியில் இவருக்குக் கால் தொங்கியது. அதிலிருந்து எழுந்தால் குதிக்கத்தான் வேண்டும். அடுத்ததில் முதுகு சாயும் இடத்துக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு தலையணை போகும். மூன்றாவதைக் கடைக்காரர் உள்ளே இருந்து மனமில்லாமல் எடுத்துவந்தார். அதில் பாதம் தரையில் முழுசாகப் பதிந்தது, முதுகு ஒட்டியது, முழங்கால் மடிப்புக்கும் மெத்தைக்கும் இடையில் இரண்டு விரல் போனது. கைப்பிடியை அழுத்தி எழப் பார்க்கச் சொன்னேன், ஆடவில்லை. ரிமோட்டைக் கையில் கொடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு பட்டனைத் தேடச் சொன்னேன். ஒரு டீ வாங்கி வரச்சொல்லி, அதைக் குடித்து முடிக்கும்வரை எழ விடவில்லை. உட்கார்ந்ததும் எல்லா நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும்.

"எங்க மலையில காத்து அடிச்சா கரண்ட் போய்டும். அப்ப இவரு படுத்தவாக்குல கிடப்பாரா?" என்று கேட்டேன்.

"உள்ள பேட்டரி இருக்கும்மா. கரண்ட் போனாலும் ஒரு தடவ தூக்கி விட்ரும்."

"பிளக்கைப் புடுங்குங்க. பாக்குறேன்."

கடைக்காரர் இவரைப் பார்த்தார். இவர் கூரையைப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார்கள். மோட்டார் முனகியபடி மெதுவாக இவரை எழுப்பி நிறுத்தியது. இன்னொரு தரமும் செய்யச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

குட்டி யானை வண்டியில் நாற்காலி மலை ஏறி வந்தது. சாய்ந்தால் சுவரில் இடிக்காதபடி தள்ளிப் போட்டேன். கொண்டுவந்தவர் எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டினார். வேண்டாம், சுவர் பிளக்கில்தான் சொருக வேண்டும் என்றேன். நடக்கிற வழியில் வயர் கிடந்தால் தடுக்கிவிடும், மோட்டாருக்கு அது ஆகவும் ஆகாது. நாற்காலிக்கு அடியில் பூனை படுக்கப் பார்த்தது. ஆளோடு இறங்கும்போது அதன் கதி என்ன ஆகும் என்று நினைத்து, இறக்குவதற்கு முன் குனிந்து பார்ப்பதை ஒரு சட்டமாகவே ஆக்கினேன். இவருக்கு வேறு சில சட்டங்கள். கால் பலகையை முழுசாக மடக்காமல் எழக் கூடாது. பாதம் இரண்டும் தரையில் ஊன்றிய பிறகுதான் பட்டன். எழுந்ததும் உடனே நடக்காமல், தலை சுற்றவில்லை என்று தெரிகிறவரை அப்படியே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்காலி தானாக நிற்கிறவரை பட்டனில் இருந்து விரலை எடுக்கக் கூடாது. விரலை எடுத்தால் மோட்டார் அங்கேயே நின்றுவிடும், சாய்ந்த மெத்தையில் ஆள் வழுக்கி வந்துவிடுவார்.

மற்றதெல்லாம் சரியாகச் செய்தார். இந்தக் கடைசிச் சட்டத்தை மட்டும் மீறினார். நான் சமையலறையில் இருக்கும்போது மோட்டார் சத்தம் வரும், பாதியில் நிற்கும், கொஞ்சம் கழித்து மறுபடி வரும்.

"இன்னாங்க பண்றீங்க? நடுவுல கைய எடுக்காதீங்கன்னு எத்தினி தபா சொல்றது?"

"கட்டவெரல் வலிக்குதுடி."

அந்தப் பட்டனை அழுத்த ஒரு குழந்தையின் விரல் போதும். ஏதோ திட்டம் போடுகிறார், தம்பி வருகிற அன்று நாற்காலி கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். அவன் வருவதற்கு முதல்நாளே பிளக், வயர், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்துவைத்தேன்.

தம்பி காலையில் ஒற்றையாக வந்தான். அவமானப்பட்டால் தன்னோடு போகட்டும் என்றுதான் பெண்டாட்டியைக் கூட்டிவரவில்லை போலிருக்கிறது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை. செருப்பைக் கழற்றாமல் வாசற்படிக்கு வெளியே நின்றான். என்னைப் பார்த்து "அக்கா" என்றான், உள்ளே பார்த்து எதுவும் சொல்லவில்லை. இவரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கும்போதே அழுகை வந்தது.

அப்போது மோட்டார் முனகியது. இவர் கால் பலகையை மடக்கி, பாதத்தை ஊன்றி, சட்டப்படி எழும்பிக்கொண்டிருந்தார். தம்பியின் முகம் இளகியது. பாதி தூரம் வந்ததும் சத்தம் நின்றது. இவர் உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், சாய்ந்த மெத்தையில் சரிந்து, ஒரு கையைக் காற்றில் நீட்டினார்.

"மாமா!"

தம்பி தட்டை என் கையில் திணித்துவிட்டுச் செருப்போடு உள்ளே ஓடினான். இவருடைய இரண்டு கையையும் பிடித்து இழுத்து நிறுத்தினான். இரண்டு பேரும் மூச்சு வாங்க நெஞ்சுக்கு நெஞ்சு நின்றார்கள்.

"இன்னாச்சு மாமா?"

"கரண்ட் பூட்ச்சு போல," என்றார் இவர். பிடித்த கையை விடவில்லை. "வாடா."

எங்கள் மூன்று பேருக்கும் மேலே ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி ஒருமுறை தலையைத் தூக்கி அதைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான்.

"ஆமா மாமா," என்றான். "இந்த மலையில எப்பவும் இப்டித்தான்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆயுசு முழுக்க முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தவள் நான், என் வாய் சும்மா இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சுவரோரமாக நடந்து, சத்தம் வராமல் ஃபேனை அணைத்தேன்.