மறுத்துப் பேசுவதற்கு முன்னால்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர் என்றுதான் சொன்னார்கள். எதில் பி.ஏ. என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பிலாசபி என்பது கல்யாணம் முடிந்து அவருடைய புத்தகப் பெட்டியைத் திறந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டேன். "யோசிக்கிற வேலை" என்றார். அதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்றேன். சிரித்தார். நல்லவேளை, பின்னால் வாத்தியார் பயிற்சியும் முடித்து ஹைஸ்கூலில் சேர்ந்தார். இல்லாவிட்டால் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டே பட்டினி கிடந்திருப்போம்.

அவர் திருச்சியில் படிக்கச் சேர்ந்த சமயத்தில்தான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. என் மாமனார் ராஜாவின் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆள்வது என்றால் என்ன, ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் ஏன் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் மகன் படிக்கிறான் என்று தெரிந்ததும் அவருக்கு வந்ததே கோபம். "ராஜாவே போயிட்டாரு. இனிமே ராஜாங்கத்தப் பத்திப் படிச்சு நீ என்னடா செய்யப் போற?" என்றாராம். "அதனாலதாம்ப்பா படிக்கணும். இனிமே நாமதான ராஜாங்கம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். மாமனார் ஒரு வாரம் மகனோடு பேசவில்லையாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் நாத்தனார், இவருடைய தங்கை.

திருவரங்குளத்துக்கு அந்தப் பக்கம், செம்மண் மேட்டில் எங்கள் ஊர். மேட்டில் கடலைக் கொல்லை, பள்ளத்தில் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வயல். எல்லாம் மாமனார் தானே பாடுபட்டு வாங்கியவை. வீட்டில் மாமனார், நாங்கள், இவருடைய தம்பி, பிறகு நாத்தனார். நாத்தனாருக்குப் பதினாறு வயதில் கல்யாணம். இருபது முடிவதற்குள் புருஷன் போய், குழந்தையும் இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அவளுக்குக் காது கூர்மை. வாசலில் யார் காலடி கேட்டாலும் முதலில் அவளுக்குத்தான் கேட்கும். கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். புருஷனை இழந்தவள் வருகிறவர்கள் எதிரே நிற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். மாமியார் காலமான பிறகு வாசலுக்கு வந்து "வாங்க" என்று சொல்வது என் வேலையாகிவிட்டது.

இவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கல்லூரியில் பிடித்துக்கொண்டது. ஒருவரை மறுத்துப் பேசுவதற்கு முன்னால், அவர் கட்சி என்ன என்பதை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். "ஆமா, அதுதான் நான் சொல்ல வந்தது" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் நாம் மறுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். டவுனுக்கு மாற்றல் கேளுங்கள் என்று ஒரு நாள் வரிந்துகட்டிக்கொண்டு போனேன். நான் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள், டவுனில் ஆஸ்பத்திரி பக்கம், நல்ல பள்ளிக்கூடம், குழாய்த் தண்ணீர், எனக்கு இடுப்பு வலி என்று என் பக்கத்து நியாயத்தை வரிசையாக அடுக்கினார். நான் நினைக்காததையும் சேர்த்து அடுக்கினார். "சரியா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என் சண்டையையும் நீங்களே போட்டுக்கிட்டா நான் எதுக்கு இங்க இருக்கேன்?" என்று கத்தினேன்.

முதல் பொதுத் தேர்தலில் இந்தப் பழக்கம் சந்தி சிரித்தது. படித்தவராயிற்றே என்று ஒரு வேட்பாளருக்காகப் பேசக் கூட்டிப் போனார்கள். இவர் வழக்கப்படி எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் எடுத்து வைத்தார். கூட்டம் கைதட்டிக் கேட்டது. அவர் தன் கட்சிக்கு வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கூட்டிப் போனவர் மறுநாள் வீட்டுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "சார், நம்ம ஜெயிக்கணும்னு ஆசையிருந்தா அடுத்த மீட்டிங்க அவங்க மேடையில போயிப் பேசுங்க." நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கொடுத்த காபி தரையில் சிந்திவிட்டது.

ஆனாலும் உள்ளூர எனக்குப் பெருமைதான். மனிதர்கள் ஒன்றுகூடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் அரசாங்கம் உண்டானது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள் என ஒரு நாள் விளக்கினார். நான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். "அந்த ஒப்பந்தத்துல பொம்பளைங்க யாராச்சும் கையெழுத்துப் போட்டாங்களா?" என்று சும்மா கேட்டு வைத்தேன். வேறொருவராக இருந்தால் போடி பைத்தியமே என்றிருப்பார். இவர் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், சாப்பாட்டை மறந்தார். இரண்டு நாள் கழித்து, "நீ கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்று வந்து சொன்னார். தன்னிடம் பதில் இல்லை என்று பெண்டாட்டியிடம் வந்து சொல்கிற ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படித்தால் இப்படி ஆவார்கள் என்றால் எல்லாரும் பிலாசபியே படிக்கட்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஐம்பதுகளின் கடைசியில் மாமனார் காலமானார். பெண்ணுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு என்று புதுச் சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சட்டம் டெல்லியில் இருந்தது, நாங்கள் ஊரில் இருந்தோம். பெண்கள் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கைநாட்டு வைத்துவிடுவதுதான் நடைமுறை. காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் பாகம் பேசப் பட்டாசாலைக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் இவர்களுடைய தாய்மாமன். ஒரு பக்கம் இவர், மறுபக்கம் கொழுந்தன். நானும் நாத்தனாரும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

தாய்மாமன் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு பங்கு. பொண்ணு விட்டுக் குடுத்துரும். அண்ணனும் தம்பியும் கடைசி வரைக்கும் அதுக்குக் கஞ்சி ஊத்தணும். அம்புட்டுத்தான்."

கொழுந்தன் தலையாட்டினார். ஒரு கட்சியில் மேடைப் பேச்சாளர் அவர். பெண்ணுரிமை பற்றி அவர் பேசினால் கேட்கிறவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். அன்றைக்கு அவருக்கு அந்தப் பேச்சு ஞாபகத்துக்கு வரவில்லை போலிருக்கிறது.

"அது விட்டுக் குடுக்குறது இருக்கட்டும் மாமா. அதுக்கு என்ன வேணும்னு நாம சொல்லிப் பாப்போம். அது 'ஆமா, அதுதான்'னு சொல்லட்டும். அப்புறமா இல்லைன்னு சொல்லலாம்" என்றார் இவர்.

"இது என்ன காலேஜாண்ணே?" என்றார் கொழுந்தன். என்றாலும் பேசச் சொன்னால் பேசாமல் இருக்க முடியாத ஆள். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்காவுக்கு வேண்டியது வயித்துக்குச் சோறு, உடுத்தத் துணி, நோவு நொடின்னா பக்கத்துல ஒரு ஆளு. எங்க குடும்பம் இருக்குற வரைக்கும் அதுக்குக் கொறை வராது. என்னக்கா?"

"இல்ல" என்றாள் நாத்தனார்.

அந்த வீட்டில் அவள் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தாய்மாமன் கதவுப் பக்கம் திரும்பினார். "நாளப்பின்ன இவனுங்க பொண்டாட்டி பேச்சக் கேட்டு வெரட்டி விட்டுருவானுங்களோன்னு பயப்படுது. அதான?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்கும் அவள், "இல்ல மாமா" என்றாள்.

பிறகு இவர் பேசினார். பெற்றவருக்கு மூன்று பேரும் ஒன்றுதான் என்றார். தயவு வேறு, உரிமை வேறு என்றார். தயவாகக் கிடைக்கிற சோற்றைக் கொடுக்கிறவன் நினைத்தால் நிறுத்தலாம், உரிமையை யாரும் நிறுத்த முடியாது, தன் தங்கை கேட்பது உரிமையை என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் பங்கு குறையும் என்று தெரிந்தும் சிலிர்த்தது. 'ஆமா' என்று சொல்லப் போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

"இல்லண்ணே" என்றாள். "நீங்க சொல்றது நல்லாருக்கு. ஆனா நான் நெனச்சது அது இல்ல."

அவர் முகம் தொங்கிப் போயிற்று. ஊரில் உள்ள எல்லாருடைய நியாயத்தையும் அவர்களைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, ஒரே வீட்டில் இருந்த தங்கையின் மனது தெரியவில்லை. படித்தவர்கள் பலர் இந்த இடத்தில், "ஒனக்குச் சொல்லத் தெரியல, நான் சொன்னதுதான் சரி" என்பார்கள். நானே அப்படிச் சில பேரைப் பார்த்திருக்கிறேன். இவர் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரியல ஆத்தா. நீயே சொல்லு."

நாத்தனார் கதவைத் தாண்டிப் பட்டாசாலைக்கு வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அவள் அப்படி வந்ததே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இத்தன வயசுக்கு எந்த வாசல்லயும் நின்னு நான் ஒருத்தரையும் வாங்கன்னு கூப்பிட்டதில்லண்ணே. இங்க அம்மா கூப்பிட்டாங்க. போன எடத்துல மாமியா கூப்பிட்டாங்க. திரும்பி வந்தா மதினி கூப்பிடுறாங்க. கஞ்சிக்கு நான் பயப்படல. எனக்குன்னு ஒரு வாசல் வேணும். நீங்கள்லாம் விருந்தாடியா வரணும், நான் வாங்கன்னு சொல்லணும்."

இவர் எழுந்து அவள் பக்கம் வந்தார். பிறகு அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே திருப்பிச் சொன்னார். "சரியா ஆத்தா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. அதுதான்."

"சரி" என்று தம்பியைப் பார்த்தார். "இப்ப மறுத்துப் பேசலாம். யாரு பேசுறீங்க?"

தாய்மாமன் வெற்றிலையை மடித்தபடியே இருந்தார். கொழுந்தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் துண்டை எடுக்காமலே, "மூணாப் போடுங்க மாமா" என்றார்.

கடலைக் கொல்லையில் மேட்டுப் பங்கு நாத்தனாருக்கு வந்தது. அடுத்த தை பிறப்பதற்குள் அங்கே ஒரு கீற்று வீடு எழும்பிவிட்டது. கொழுந்தனும் மண் சுமந்தார். வாசல் குனிந்து போகிற உயரம்தான். ஆனால் நிலை மட்டும் நல்ல வேப்பமரம்.

நாங்கள் போன அன்றைக்குக் காலை வெயில். ஒற்றையடிப் பாதையில் எங்கள் காலடி கேட்டிருக்க வேண்டும். அவள் காது அப்படி. பழக்கத்தில் எழுந்து அடுப்படிக்குத்தான் போயிருப்பாள் என்று நினைத்தேன். போகவில்லை. வாசலுக்கு வந்து நின்றாள். தலையைத் துவட்டி முடிந்து, வெளுத்த புடவை கட்டியிருந்தாள்.

"வாங்கண்ணே. வாங்க மதினி."

நான் நிலையில் கை வைத்துவிட்டேன். இவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், எந்த மேடையிலும் வாய் ஓயாத மனிதர், வெயிலில் அப்படியே நிற்கிறார். கண் கலங்கியிருந்தது.

"உள்ள வாங்க, என்ன நிக்கிறீங்க?" என்றேன்.

"இரு" என்றார் என்னிடம். பிறகு தங்கையைப் பார்த்து, "இன்னொரு தடவ கூப்பிடு ஆத்தா" என்றார்.

அவள் கூப்பிட்டாள்.