கூரை வரைக்கும் ஏறிய குழாய்

யாமு அந்த வெள்ளை வண்டியை வாங்கியதே குழாயைப் பார்த்துத்தான். முன்கண்ணாடி ஓரமாகக் கூரை வரைக்கும் ஏறி நிற்கிற கறுப்புக் குழாய். ஆற்றுத் தண்ணீர் பானெட்டைத் தொட்டாலும் எஞ்சின் தண்ணீருக்கு மேலே மூச்சு வாங்கிக்கொள்ளும் என்று விற்றவன் அதைத் தட்டித் தட்டிக் காட்டினான். நான்கு சக்கரமும் இழுக்கிற, பதினோரு வருடம் ஓடிய டீசல் வண்டி. அதற்காக நான்கு எருமைகளை விற்றாள். தொழுவத்தில் இருந்ததே நான்குதான்.

அவள் புருஷன் படான், மரம் வெட்டும் கம்பெனியின் முகாமில் மெக்கானிக். யாமு அங்கேயே உதிரிப் பாகங்கள் எடுத்துக் கொடுக்கிற வேலையில் பத்து வருடம் இருந்தாள். முகாம் மூடியது, மறுவருடம் படான் காய்ச்சலில் போனான். வயல் அரிசி சாப்பாட்டுக்குச் சரியாகப் போயிற்று. மற்றதற்கெல்லாம் ஒரு வழி வேண்டுமே? லாவாஸ் டவுனிலிருந்து எங்கள் மலைக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் எங்கள் ஆட்கள் வண்டியைப் பார்த்து ஏறுகிறவர்கள் இல்லை, ஓட்டுகிறவரைப் பார்த்து ஏறுகிறவர்கள். இந்தப் பாதையில் அதுவரை ஒரு பெண் ஓட்டியதில்லை.

தகால் மாமாவுக்கு அது போதாதா? முப்பது வருடம் மர லாரி ஓட்டியவர், சபையில் மூப்பர், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குழாய் நன்றாக இருக்கிறது, ஓட்டுகிற ஆளுக்கும் ஒன்று மாட்டிவிட்டால் தேவலை என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். யாமுவும் சிரித்துவைத்தாள்.

இரண்டாவது பயணத்திலேயே அது நடந்தது. முந்தின நாள் நல்ல மழை. கிளம்புமுன் தகால் மாமா செய்த ஜெபம் பெரிதாக நீண்டதில் ஒரு மணி நேரம் தாமதம். அவரோடு சேர்த்து ஆறு பேர், பின்னால் கூரைத் தகடுகள், அவர் மடியில் நூறு கோழிக்குஞ்சுகள் அடைத்த அட்டைப்பெட்டி. பாலமில்லாத ஆற்றின் கரையில் யாமு வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள். இங்கே யார் ஓட்டினாலும் அதுதான் வழக்கம். முதலில் ஓட்டுநர் இறங்கி நடந்து பார்க்க வேண்டும், தண்ணீர் தொடைக்கு மேல் ஏறினால் காத்திருக்க வேண்டும்.

“அம்புட்டு உசரக் குழாய வச்சுக்கிட்டு இன்னும் கால நனைச்சுப் பாக்கணுமா? அப்ப அது எதுக்கு, துணி காயப்போடவா?” என்றார் தகால் மாமா.

பின்னால் சிரிப்பு கிளம்பியது. யாமு திறந்த கதவைச் சாத்தினாள்.

நடு ஆற்றில் தண்ணீர் பானெட் மேல் ஏறியது. டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எஞ்சின் நின்றுவிட்டது. வண்டிக்குள் கோழிக்குஞ்சுகளின் சத்தம் மட்டும் கேட்டது. சாவியைத் திருப்பு, திருப்பு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். யாமுவின் கையும் சாவிக்குப் போய்விட்டது.

அப்போதுதான் முகாமுக்கு வந்த அந்த எஞ்சின் ஞாபகம் வந்தது. தண்ணீர் குடித்த எஞ்சினை ஒருவன் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ததில், பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடு மடங்கி எஞ்சின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே நீட்டியிருந்தது. ஓட்டையில் ஒரு கை நுழையும். படான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. யாமு சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

“ஒரே ஒரு தடவ திருப்பு புள்ள. குஞ்செல்லாம் வெறச்சுப் போகும்.”

“ஜெபம் பண்ணுங்க மாமா. சாவிய மட்டும் கேக்காதீங்க.”

அரைமணி கழித்து வந்த மர லாரி சங்கிலி போட்டு அவர்களை அக்கரைக்கு இழுத்துவிட்டது. மரத்தடிகள் மேல் ஏற இடமிருக்கிறது என்றான் லாரிக்காரன். ஐந்து பேர் யாமுவின் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்கள். தகால் மாமாவும் ஒரு காலைத் தூக்கி வைத்தார். மரங்களின் மேல் அடிக்கிற காற்றில் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது என்று தெரிந்ததும் இறங்கி வந்து, பெட்டியை வெயில் விழுந்து வெதுவெதுப்பான பானெட்டில் வைத்தார். அவர் நின்றது குஞ்சுகளுக்காக, யாமுவுக்காக இல்லை. அதை மறைக்கவேண்டியதில்லை.

யாமு பெட்டியை நகர்த்தச் சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினாள். ஏர் ஃபில்டர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குழாய் உள்ளே நுழைய வேண்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். தகடு முழுசாக இருந்தது. ஒரு பல்லி நுழைய ஓட்டை இல்லை. வெளியே குழாயைப் பசை போட்டு ஒட்டி நான்கு திருகாணி முடுக்கியிருந்தார்கள். எஞ்சின் இத்தனை நாளும் கீழேயிருந்துதான் மூச்சு வாங்கியிருக்கிறது.

அவள் கரையில் உட்கார்ந்து அழுதாள். தொழுவம் காலி, இனி இந்த எஞ்சினும் போனால் ஒன்றுமில்லை.

“ஏமாத்திட்டானே படுபாவி,” என்றார் தகால் மாமா.

“அவன் ஏமாத்துனான் சரி. எனக்குக் காலு இருந்துச்சுல்ல மாமா? இறங்கிப் பாக்கல. தப்பு என்னுது.”

தகால் மாமா சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு எந்த ஸ்பேனர் வேண்டும் என்று கேட்டார்.

உள்ளே போன தண்ணீர் வெளியேற, எஞ்சின் தலையில் திருகியிருக்கும் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றுவதற்குள் யாமுவின் விரல்களில் தோல் போயிற்று. இப்போது சாவியை எடுத்து மாமா கையில் கொடுத்தாள். அவர் திருப்ப, பிளக் இருந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. வெறும் காற்று வருகிறவரை திருப்பச் சொன்னாள். எண்ணெயை அளக்கிற கம்பியை உருவிப் பார்த்தாள். எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்து மாட்டியபின், ராடு மடங்கியிருந்தால் தட்டும் என்பதால் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இந்த முறை சாவியை அவளே திருப்பினாள். இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. தகால் மாமா எஞ்சின் மேல் குனிந்து கண்ணை மூடிக் கேட்டார்.

“தட்டல,” என்றார்.

அடுத்த ஆற்றில் யாமு இறங்கி, கம்பை ஊன்றித் தண்ணீரில் நடந்தாள். பின்னால் சளக்கென்ற சத்தம். தகால் மாமா கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவளுக்குக் கீழ்ப்பக்கமாக ஆழம் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கிண்டலும் இல்லை. அன்று நூற்றில் மூன்று குஞ்சுகள்தான் போயின.

மறுவாரம் லாவாஸில் அவள் வண்டியருகே யாரும் வரவில்லை. லாரியில் போன ஐந்து பேரும் கதையைப் பரப்பியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தகால் மாமா வந்தார். தன் மூட்டையை அவள் வண்டியில் போட்டுவிட்டு, நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

“அன்னைக்கு அவள இறங்கவிடாம சிரிச்சது நான். ஏறுங்க. இவ நனையாம நம்மள ஆத்துல எறக்க மாட்டா.”

அந்தக் குழாயை யாமு இன்னும் கழற்றவில்லை. ஆற்றில் நனைந்த இடுப்புச் சாரத்தைப் பிழிந்து அதில்தான் காயப்போடுகிறாள்.