திராட்சைத் தோட்டத்துக் கிணறு

கம்பம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஊரில் பாதிப் பேரை எனக்குக் குரலால் தெரியும், முகம் தெரியாது. அவரவரே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்ததும் அந்த வேலை மெல்ல ஒழிந்தது. வேறு மேசையில் சில வருடம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றேன். கணவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்குச் சென்னையில் வேலை. பேச ஆளில்லாமல், டிவியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லத் தொடங்கியிருந்தேன். முழங்கால் வலி வேறு.

ஒருநாள் காய்கறிச் சந்தையில் எனக்கு முன்னால் ஒரு பெண் வெண்டைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சண்டை போல ஆரம்பித்துச் சிரிப்பில் முடியும் கரகரத்த குரல். சட்டென்று பிடிபட்டது. வாழைக்காய் வியாபாரத்துக்காக ஓயாமல் கோட்டயத்துக்கு கால் கேட்டவள்!

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, பழைய ஆபீஸ் குரலில் சொன்னேன்: “கோட்டயம் லைன் கிடைச்சிருச்சு, பேசுங்க.”

வெண்டைக்காயைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். “அடி ஆத்தா! நீங்களாக்கா? ஒல்லியா, உசரமா இருப்பீகன்னுல்ல நெனச்சிருந்தேன்!”

“ஏமாந்துட்டீங்களா?”

“இல்லக்கா, இதுவும் நல்லாத்தான் இருக்கு.”

டீக்கடையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். அவளும் தனியாகத்தான் இருந்தாள். நான் எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்ததைப் பார்த்தாள்.

“சுருளிப்பட்டில நம்ம திராட்சைத் தோட்டம் இருக்கு. கெணத்துல வந்து நீந்துங்க. எனக்கும் மூட்டு வலிக்கு டாக்டரு அதத்தான் சொன்னாக.”

“எனக்கு நீச்சலே தெரியாதே.”

“தெரியாட்டி என்ன? நான் அங்கன எதுக்கு இருக்கேன்?”

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போய்விட்டேன். எனக்கே ஆச்சரியம்தான். பெண்கள் குளிக்கிறார்கள் என்று தெரியும்படி வேலிப் படலில் ஒரு சிவப்புச் சேலையைத் தொங்கவிட்டாள். நான் மிதப்பதற்காக என் முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டினாள். படியில் இறங்கினால் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. கடைசிப் படியை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன்.

“படி எங்கயும் ஓடிறாதுக்கா, விடுங்க!” என்று தண்ணீரிலிருந்து கத்தினாள்.

அன்று விடவில்லை. ஆனாலும் தண்ணீரில் காலை அசைத்ததே சுகமாக இருந்தது. தினமும் போனேன். சில வாரம் கழித்து, கேன் இல்லாமலே படியிலிருந்து எதிர்ச்சுவர் வரை போய்த் தொட்டேன். மூச்சு வாங்கியது. அவள் படியில் நின்று குலவையிட்டாள். மோட்டார் ரூம் பக்கம் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து குலவையிட்டார்கள். அந்த வயது வரை என்னை யாரும் அப்படிக் கொண்டாடி நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு கூட்டம் சேர்ந்தது. ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் வந்தார். அவர் பின்னாலேயே அவருடைய சம்பந்தியம்மாளும். ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவருவோம். நீந்திவிட்டு, ஈரத் தலையோடு பந்தல் நிழலில் அதைப் பங்கு போட்டபடி ஊர்க்கதை பேசுவதற்கு நீச்சலைவிட அதிக நேரம் ஆகும்.

விஷயம் கேள்விப்பட்ட மகன் போனில் கோபித்தான். “இந்த வயசுல கிணத்துலயாம்மா?” பொங்கலுக்கு வந்தபோது வீட்டில் நான் மாடிப்படி ஏறி இறங்குவதைப் பார்த்தான். வலிக்கவில்லையா என்று மட்டும் கேட்டான். முன்னைக்குப் பரவாயில்லை என்றேன். ஊருக்குப் போகிறபோது, “தனியா மட்டும் இறங்காதம்மா” என்றான்.

தனியாக இறங்க எங்கே விடுகிறார்கள்? ஒருநாள் சளி பிடித்துப் போகாமல் இருந்ததற்கே, மூன்று பேரும் தூக்குவாளியில் மிளகு ரசத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். அன்று மாலை வரை வீடு ஒரே சத்தம். டிவியைப் போடவே இல்லை.