கடியப்பட்டணத்து ஐஸில் பிழைத்த எட்டுத் தகடுகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு எழுபது கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், உறைந்த திசுவை மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை வந்து பார்க்கட்டும். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை நான் அப்படி வந்தேன்.

மடியிலிருந்த தெர்மோகோல் பெட்டிக்குள் எட்டுக் கண்ணாடித் தகடுகள். அவற்றில் மனித விந்தகத்தின் மெல்லிய சீவல்கள். அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்டு, ஒப்புதலோடு ஆய்வுக்குக் கிடைத்தவை. நான்கு தகடுகள் பருவமடையாத ஒரு சிறுவனுடையவை, நான்கு வளர்ந்த ஒருவருடையவை. பருவ வயதில் அங்குள்ள செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, விந்தணு உருவாகும் இடத்தை உடலின் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து மறைக்கும் மதிலாகின்றன. அந்த மதிலைத்தான் நாகர்கோவிலில் எங்கள் ஆய்வகத்தில் படமெடுக்க வேண்டும். தகடு இளகினால் என் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் போச்சு. வேறு தகடு கிடையாது.

காலை 8.10க்கு வாடகைக் கார், 2,400 ரூபாய். உலர் பனிக்கட்டி கிடைக்காததால் உறையவைத்த ஜெல் பைகளை நம்பிக் கிளம்பினேன். மகா தப்பு. மார்த்தாண்டத்தில் நெரிசல் என்று ஓட்டுநர் கடற்கரைச் சாலையைப் பிடித்தார். 10.40க்குக் கடியப்பட்டணத்தில் வண்டி பழுதாகி நின்றேவிட்டது. நாகர்கோவிலுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். பெட்டிக்குள் வெப்பமானி மைனஸ் நான்கு காட்டியது; இன்னும் கொஞ்சம் ஏறினால் இளகிவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மீன் பெட்டிக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த வியாபாரி பிலோமினா அக்காவிடம் ஓடினேன்.

“மீனா மக்கா?”

“இல்லக்கா. மனுச உடம்புத் தசை, ஆராய்ச்சிக்கு. தணுப்பு போனா கெட்டிரும்.”

நொறுக்கிய ஐஸை அள்ளிப் போட்டவர், அடுத்து ஒரு கை கல்லுப்பை எடுத்தார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டேன். “உப்பு வேண்டாம்க்கா.”

“உப்பு போட்டாத்தான் ஐஸு இன்னும் தணுக்கும். நீ காலேஜில என்னத்தட்டி படிச்ச?”

படித்ததுதான், பதற்றத்தில் மறந்துவிட்டது. தகடுகளை இரண்டு உறைகளில் இறுகக் கட்டி உள்ளே இறக்கினோம். கால்மணி நேரத்தில் மைனஸ் பதினேழு. ஐஸுக்கு நாற்பது ரூபாய். உப்புக்கு ஏச்சு மட்டும்.

ஆட்டோ பிடித்து 11.50க்கு ஆய்வகம் சேர்ந்தேன். சாயமேற்றி, மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தேன். சிறுவனின் சீவலில் பிணைப்புப் புரதம் பச்சைப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தது. வளர்ந்தவருடையதில் அதே பச்சை, விந்தணு உருவாகும் குழாயின் சுவரோரம் சுற்றிலும் அறுபடாத கோடாக ஓடியது. மதில் எழுந்து நின்றது. எட்டுத் தகடும் தேறிவிட்டன. ஆய்வகத்தில் யாரும் இல்லாததால் தாராளமாகவே குதித்தேன்.

இந்த வழியில் திசு கொண்டுவருபவர்கள் உலர் பனிக்கட்டி கிடைக்கும் நாளில் கிளம்புங்கள். கிடைக்காவிட்டால் மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. தகடு நனையாத உறையும் ஒரு வெப்பமானியும் கட்டாயம்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் என் வழிகாட்டிக்கு முன்னால் பிலோமினா அக்காவின் பெயரைப் போட்டேன். இது முறையில்லை என்று வழிகாட்டி அதை அடிக்கப் பேனாவைத் திறந்தார். மூன்றாம் அத்தியாயத்தின் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.