சூளைக்குப் போன கழனி

நிலத்தை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நிலத்தை வைத்துக்கொண்டு மண்ணை மட்டும் விற்றவர் என் அப்பா. உத்திரமேரூர் பக்கம் பலரும் அப்போது விற்றார்கள் என்று சமாதானம் சொல்லலாம். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் தளம் போட வேண்டுமென்று, ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் ஒரே கழனியின் மேல்மண்ணை அப்பா செங்கல் சூளைக்காரனுக்குக் கொடுத்தார். அந்தக் கழனி நெல்லைத்தான் வருஷம் முழுக்கச் சாப்பிட்டோம். பொக்லைன் வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். எங்கள் கழனி, எங்கள் வண்டி என்று அலட்டிக்கொண்டு நின்றேன்.

பக்கத்துக் கழனி பெரியப்பாவுடையது. வரப்பில் நின்று அப்பாவைக் கேட்டார்.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"மேடா கீதுண்ணா. தண்ணி ஏற மாட்டேங்குது. சமம் பண்றேன்."

"சமம் பண்றவன் இன்னாத்துக்குடா லாரில ஏத்தறான்? நம்ம தாத்தா காலத்துலேர்ந்து எருவும் தழையும் போட்டு சேத்த மண்ணுடா. கீழ வெறும் சுக்காங்கல்லு. அதுல இன்னாத்த நடுவ?"

"யூரியா போட்டா வந்துடும்ணா."

"போடு. அப்பிடியே நாலு கெண்டைக் குஞ்சும் வுடு."

லாரி டிரைவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மழைக்குக் கழனி குட்டையாகிவிட்டது. வடிந்தபின் அப்பா நட்டார். நாற்று பச்சை பிடிக்கவே இல்லை. மஞ்சளாக, முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினார். கதிர் வந்தது, உள்ளே அரிசி இல்லை. பெரியப்பா கழனியில் அறுப்பு நடந்தபோது எங்கள் கழனியில் மாடு மேய்ந்தது.

தை முடிவதற்குள் வீட்டில் நெல் தீர்ந்தது. அப்பா என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய் ஒரு மூட்டை அரிசி வாங்கினார். திரும்பும்போது ஊருக்கு முன்னால், மதகருகே வண்டியை நிறுத்தினார். எங்கள் கழனி நெல்லை மில்லில் அரைத்துக் கொண்டுவரும் பழைய கோணியை எடுத்து, அதன் வாயை என்னைப் பிடிக்கச் சொல்லி, அரிசியை அதில் கொட்டினார். காலியான கடைப் பையில் மயில் படம் போட்டிருந்தது. அவ்வளவு பெரிய மயிலை நான் படத்தில் பார்த்ததில்லை.

"நைனா, அந்தப் பையி எனக்கு. வூட்டுக்கு எடுத்துக்கினு போலாம்."

"வேணாம்."

"தெருவுல எல்லாருக்கும் காட்டறேன் நைனா."

அறைந்தார். அதுவரை என்னை அடித்ததே இல்லை. பையைச் சுருட்டிக் கால்வாயில் எறிந்தார். அப்பாவுக்கு மயில் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் அழுதேன்.