பொகவந்தலாவைச் சரிவில் தண்ணீர் இறங்கிய வழி

செவ்வாய்க்கிழமை காலை கொழும்பு கோட்டை நிலையத்தில் என்னை வழியனுப்ப யாரும் வரவில்லை. கூட வந்தது ஓர் இரும்பு வளையம். ஓரடி அகலம், ஒன்பது அங்குல உயரம், சாக்கில் சுற்றிக் கட்டியது. அட்டனுக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு நான்கு ரூபா பத்துச் சதம். தூரம் நூற்றெட்டு மைல். அறுபத்தொன்றாம் வருடத்து ஆடி மழை வண்டியின் கூரையில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. எதிரே இருந்த பெரியவர் வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கேக்கு சுடுற அச்சா தம்பி?" என்றார். "மண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கிற அச்சு" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

நான் கொழும்பில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் உதவியாள். படித்தது எட்டாம் வகுப்பு. மீதியெல்லாம் அங்கே வருகிற ஒரு சுற்றறிக்கையை அகராதியோடு உட்கார்ந்து வாசித்துக் கற்றது. மண், மணல், செங்கல், சுண்ணாம்புக்கல் என்று உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளை உள்ள பொருள்கள் வழியாகத் தண்ணீரும் காற்றும் எப்படிப் போகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். யார் எங்கே எதை அளந்தார், யாருக்குக் கல்யாணம், அடுத்து எந்த ஊரில் கூடுகிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் வரும். இந்த முறை வந்த செய்தி: வருகிற சனிக்கிழமை நுவரெலியாவில் ஒரு கூட்டம். வெளிநாட்டார் வருகிறார்கள். அவர்கள் முன்னால் வளையத்தை மண்ணில் இறக்கித் தண்ணீர் ஊற்றிக் காட்டப்போகிறவன் நான் என்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளைச் சட்டை புதிதாகத் தைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன்.

அதற்கு முன் ஒரு வேலை. பொகவந்தலாவைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் சவரிமுத்து எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி வீடுகளின் சுவரில் ஊறுகிறது, வந்து அளந்து பாருங்கள் என்று. கூட்டத்தில் வாசிக்கும் கட்டுரைக்கு ஒரு மலைச்சரிவு தேவைப்பட்டதால் டொக்டரும் சரி என்றார்.

பிற்பகல் ஒன்றரை மணி. அட்டனிலிருந்து பஸ், பதின்மூன்று மைல், அறுபத்தைந்து சதம். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டி, "அண்ணே, இவருக்கும் ஒரு டிக்கட்டு போடவா?" என்றார்.

"அவர் உட்காரமாட்டார், நின்னுக்கிட்டே வருவார்."

"அப்ப சரி. நிக்கிறவங்களுக்குத்தான் இந்த பஸ்ஸே."

வளைவுக்கு வளைவு கண்ணாடிக்கு வெளியே தேயிலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. என்னைத் தவிர எல்லோருக்கும் பக்கத்தில் பேச ஆள் இருந்தது.

மாஸ்டர் கடைவீதியில் குடையோடு நின்றார். ஒல்லியான மனிதர், கழுத்தில் சிறிய சிலுவை. ஒன்றரை மைல் ஏறினோம். போகிற வழியிலேயே விஷயத்தைச் சொன்னார். "லயத்துல பத்து வீட்டுக் காம்பராவும் நனையுதுங்க. கணக்கப்பிள்ளை தோட்டத்துத் தொரைகிட்ட என்ன சொல்லியிருக்காருன்னா, பொம்பளைங்க துணி அலசுற தண்ணிய வீட்டுக்குப் பின்னால ஊத்துறாங்க, அதுதான் சுவத்துல ஏறுதுன்னு. தொரை சொல்லிட்டாரு, கொழும்புக்காரங்க மழைத்தண்ணிதான்னு எழுதிக் குடுத்தா ஆளுங்கள வேற எடத்துக்கு மாத்துறேன், இல்லைன்னா பேச்சே கிடையாதுன்னு."

கடைசிக் காம்பரா ராக்கம்மாவுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும், கொழுந்தெடுக்கும் விரல்கள் கறுத்திருந்தன. என் கையைப் பிடித்துப் பின்சுவரில் வைத்தார். சுவர் குளிர்ந்து, வழவழவென்று இருந்தது. "ஆடியில மட்டும் இல்லீங்க தம்பி. தை மாசத்துலயும் இப்படித்தான் வேர்க்கும். புள்ளைக்கு நெஞ்சுச் சளி விட்டபாடில்ல."

லயத்துக்கு மேலே இருபது கஜத்தில் ஓரிடம் பார்த்து நான்கு குச்சி நட்டேன். "நாளைக்கு இங்கேதான் அளக்கணும். யாரும் மிதிக்காம, சுத்தமா வையுங்க" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அந்தி நேரம் லயத்து முன்வாசலில் பால் விடாத பிளேன்டி குடித்துக்கொண்டே சுற்றறிக்கையைப் பிரித்துத் தமிழில் சொன்னேன். ஒல்லாந்தில் ஒருவர் மணல் வழியே கடல்தண்ணீர் ஊருக்குள் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றதும் ராக்கம்மா கேட்டார்:

"அவுங்க ஊட்டுச் சுவரும் நனையுதா?"

"நனையுமாம்."

"அப்ப நம்ம ஆளுங்கதான். எங்க மண்ணும் இந்தக் கடுதாசியில வருமா தம்பி?"

"வரும். சனிக்கிழமை வெள்ளைக்காரங்க முன்னால வாசிப்பாங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைக் கவனித்தேன், பொருள் புரியவில்லை.

புதன்கிழமை காலை ஏழரை மணி. நன்றாகத் தூறியது. குச்சிகளுக்கு நடுவே புல் இல்லை. பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். பலகை வைத்துச் சுத்தியலால் வளையத்தை இறக்கி, மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து குடத்தில் கொண்டுவரச் செய்து ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரி அப்படியே நின்றது. கணக்கப்பிள்ளை குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மண்ணுக்குத் தாகம் இல்லையா? நான் சொன்னா நம்பமாட்டாங்க. இப்ப கொழும்பே வந்து சொல்லுது."

குறிப்புப் புத்தகத்தில் 'இறங்கவில்லை' என்று எழுதினேன். ஒரு மணி பஸ்ஸில் புறப்பட்டால் வெள்ளிக்கிழமைக்குள் கணக்கைக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை நுவரெலியா போய்விடலாம். வளையத்தைப் பிடுங்கினேன். அதோடு ஒட்டிக்கொண்டு ரொட்டி மாதிரி ஒரு தோல் வந்தது. அடியில் மண் பொலபொலவென்று இருந்தது. தோலை மோந்து பார்த்தேன். சாணி.

மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்த ராக்கம்மாவிடம் கேட்டேன்.

"நாங்கதான் மெழுகினோம் தம்பி. விடியக்காலமே, வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டுக்கு முந்தி. சிவப்பு மண்ணும் சாணியும் கொழச்சு மூணு தடவ தேச்சோம். பெரிய மனுசங்க முன்னால பேரு வாசிக்கிற எடம் புல்லும் பூச்சியுமாவா இருக்கும்? கோலம்கூடப் போட்டோம். மழ தின்னுருச்சு."

"அய்யோ, அதுதான் தண்ணிய உள்ள விடல."

அவர் முகம் மாறியது. "நீங்கதானே சுத்தமா வைக்கச் சொன்னீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன். வருகிறவருக்காக இடத்தை மெழுகி வைப்பது அவர்களுக்கு மரியாதை. அந்த மரியாதையே அவர்களுக்கு எதிரான சாட்சியாகி என் புத்தகத்தில் ஏறியிருந்தது.

மறுபடி அளக்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு நாள் வேண்டும். கீழே பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் கொஞ்ச நேரம் சாக்கைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. பிறகு கடைவீதித் தபால் கந்தோருக்கு இறங்கிப்போய்த் தந்தி கொடுத்தேன். முதல் கணக்கு தவறு, திரும்ப அளக்கிறேன் என்று. வியாழக்கிழமை காலை பதில் வந்தது: கணக்கைத் தபாலில் அனுப்பவும், நுவரெலியாவுக்கு வேறு ஆள் போகிறார். மாஸ்டர் அதை வாசித்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

மெழுகாத இடம் பார்த்து, புல்லோடு வளையத்தை இறக்கினேன். ஊற்ற ஊற்றத் தண்ணீர் காணாமல் போனது. ஓர் அங்குலத்துக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ராக்கம்மாவும் அடுத்த காம்பரா செல்லாயியும் பீலிக்கும் மேட்டுக்கும் குடம் சுமந்து ஓய்ந்தார்கள்.

"மண்ணா இது, மாப்பிள்ளை வீட்டாருங்களா? எவ்வளவு ஊத்துனாலும் குடிக்குது!" என்றார் செல்லாயி.

என் பையில் ஒரு சிறு டப்பா சாயப்பொடி இருந்தது. தண்ணீரில் போட்டால் இளம்பச்சையாக ஒளிரும். நுவரெலியாவில் காட்டுவதற்கென்று கொடுத்தது. எனக்கு இனி எதற்கு? முழுவதையும் வளையத்துக்குள் கொட்டிக் கரைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் மாஸ்டரின் அறையில் இருந்தேன். லயத்திலிருந்து கூச்சல். ஓடினேன். ராக்கம்மாவின் பின்சுவரில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், பச்சை ஒழுகிக்கொண்டிருந்தது.

"சுவத்துக்கு வெள்ளையடிச்சுக் குடுங்கன்னு எத்தன வருசமாக் கேட்டோம். கொழும்புக்காரரு பச்சையடிச்சுட்டாரு!" என்று ராக்கம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

துரை வந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை குடையைப் பார்த்தார். பத்துக் குடும்பத்தையும் காலியான காம்பராக்களுக்கு மாற்று என்று உத்தரவாயிற்று. காலியானவை ஒரே இடத்தில் இல்லை. ஒன்று கீழ்ப் பிரிவில், ஐந்து ஆற்றுக்கு அப்பால், மீதி தொழிற்சாலைப் பக்கம். ராக்கம்மாவுக்குக் கீழ்ப் பிரிவு, மூன்று மைல். செல்லாயிக்கு ஆற்றுக்கு அப்பால்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விடைபெறப் போனேன். ராக்கம்மா பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"சந்தோசம்தான் தம்பி. புள்ள காஞ்ச எடத்துல படுக்கும்" என்றார். சாக்கின் முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னார்: "பதினெட்டு வருசமா இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் செல்லாயி இருமுனா, இந்தப் பக்கம் நான் சுடுதண்ணி வைப்பேன். அவ காம்பராவுல சண்டைன்னா நான் சுவத்தத் தட்டுவேன். இனி யாரு இருப்பாங்களோ."

அப்படியா என்றேன். என் வளையத்தால் அளக்க முடியாத ஒன்றை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் புறப்பட்டபோது மணி ஒன்று. அந்த நேரம் நுவரெலியாவில் வேறொருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். கண்ணாடி போட்டவர்கள் குனிந்து பார்ப்பார்கள். நான் அனுப்பிய கணக்கு போய்ச் சேர்ந்ததோ என்னவோ. பாதையில் கீழ்ப் பிரிவுக்குத் திரும்பும் முடக்கில், தலையில் சாக்கும் இடுப்பில் பிள்ளையுமாக ராக்கம்மா நடந்துகொண்டிருந்தார். பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து வீட்டாரில் அவரோடு கூட நடக்க ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் வேறு வேறு பாதை.

கொழும்பில் எனக்கு ஒரு வாடகை அறை. ஏழு வருடமாக இருக்கிறேன். சுவர் நல்ல செங்கல் சுவர், எந்த மழைக்கும் நனைந்ததில்லை. அந்தச் சுவருக்கு அப்பால் குடியிருக்கிறவரின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.