யூதாஸ் நாற்காலி

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தவரை மாணவர்கள் எல்லாரும் யூதாஸ் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். யாரையோ காட்டிக்கொடுத்தவர் போலிருக்கிறது என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். ராத்திரி ரோட்டில் ஆணி போட்டுவிட்டுக் காலையில் கடையைத் திறக்கிற சாமர்த்தியம்கூட இல்லாத மனுஷன். பாழாய்ப்போன ஒரு நாற்காலியால் வந்த பெயர் அது.

கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்துகிற ஆண்கள் பள்ளி. இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, வருஷா வருஷம் பெரிய வியாழனன்று பள்ளி மண்டபத்தில் பன்னிரண்டு ஏழைகளை வரிசையாக உட்கார வைப்பார்கள். தலைமை ஆசிரியரான ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, ஒவ்வொருவர் காலையும் கழுவித் துடைத்து முத்தமிடுவார். பையன்கள் பாடுவார்கள். பெற்றோர்கள் மூக்கைச் சிந்துவார்கள். கடைசி நாற்காலி இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுடையது என்று எவனோ ஒரு பயல் எப்போதோ கிளப்பிவிட்டான். அதன் பிறகு அதில் உட்கார ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. ஏழையாக இருக்கச் சம்மதிக்கிறவன்கூட யூதாஸாக இருக்கச் சம்மதிப்பானா?

பஞ்சர்காரர் கடை போட்ட புதிதில், அப்படி ஆள் கிடைக்காத ஒரு வியாழக்கிழமை, அப்போதிருந்த பெரிய ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்.

"தம்பி, ஒரு ஆள் குறையுது. கொஞ்ச நேரம் உன் காலைக் கடன் குடுக்கிறியா?"

விஷயம் புரியாமலேயே தலையை ஆட்டிவிட்டு இவர் போட்டது போட்டபடி போய் உட்கார்ந்தார். ஃபாதர் தண்ணீரை ஊற்றினார். அவ்வளவுதான். தாம்பாளத்தில் தண்ணீர் கன்னங்கரேலென்று ஆனது. செயின் மசகு, ரோட்டுத் தூசி, எத்தனையோ மாதத்து அழுக்கு. முன்வரிசையில் ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஞ்சர்காரருக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். ஃபாதர் விடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு விழுந்து நகம் பெயர்ந்திருந்த கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, பாட்டுச் சத்தத்துக்கு அடியில், இவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"வலிக்குதா?"

இவர் காலை இழுப்பதை நிறுத்தினார். சின்ன வயதில் பெற்ற தாய் கேட்டிருக்கலாம், ஞாபகமில்லை. அதற்கப்புறம் அவர் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அப்பாவுக்கு அடிக்கத் தெரியும், கேட்கத் தெரியாது.

அன்றைக்கு இரண்டு விஷயங்களை மனதில் முடிந்துகொண்டார். அந்த நாற்காலியை இனி எவனுக்கும் விடுவதில்லை. தண்ணீர் கறுக்க விடுவதுமில்லை. பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு வந்தால் போதும், மண்ணெண்ணெய், சோப்புத் தூள், தேய்க்கிற கல் என்று குளியலறையில் ஒரு தொழிற்சாலையே நடக்கும்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படித் தேய்ச்சவரில்ல," என்பாள் மனைவி. பள்ளி விடுதித் துணிகளை இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றே வேலை. "முட்டி வலியோட நான்தான் தண்ணி தூக்கிட்டு வரேன். நீங்க அதைக் கால்ல ஊத்திக் கொண்டாடுங்க. வீட்டுல குடிச்ச டம்ளரை நகர்த்தி வைக்கக் கை வராது. காலைக் கழுவிவிட ஒருத்தர் இருக்காருன்னா மட்டும் முதல் ஆளா ஓடறது!"

"உனக்கென்ன தெரியும்," என்பார் இவர். மறுபடி தேய்க்கத் தொடங்குவார்.

பெரிய ஃபாதர் மாற்றலாகிப் போனார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். சும்மா சொல்லக் கூடாது. ஆனால் தண்ணீரை மருந்து மாதிரி அளந்து ஊற்றினார்கள். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கால் அப்படிப் பளிச்சென்று இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும், தன் கால் இன்னொருவர் உள்ளங்கையில் இருக்கிற அந்த ஒரு நிமிஷம், பஞ்சர்காரர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த ஒரு வார்த்தை மறுபடி காதில் விழ வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளியின் பிறரன்புக் குழுவுக்குப் வேதபாடம் நடத்துகிற மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் புதிதாகப் பொறுப்பேற்றார். வாயைத் திறந்தால் திட்டம். ஏழைகளுக்குத் திட்டம், இரக்கத்துக்குத் திட்டம், திட்டம் தீட்டுவதற்கே ஒரு திட்டம். பையன்கள் திட்டம் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஒருநாள் கடைக்கு வந்து போனை நீட்டினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. போன வருஷத்துப் படம். ஃபாதர் கையைவிட உங்க கால் வெளுப்பா இருக்கு. நன்கொடை குடுக்கிற ஒருத்தர் பாத்துட்டு, இவரு டாக்டரான்னு கேக்கிறாரு."

பஞ்சர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "சுத்தமா வந்தது தப்பா சார்?"

"தப்பில்ல. ஆனா உங்க பையன் வேலைக்குப் போயாச்சு. கடைக்குப் புது போர்டு மாட்டியாச்சு. ஏழைன்னா ஒரு தோற்றம் வேணாமா?"

"போர்டு ட்யூப் கம்பெனிக்காரன் சும்மா குடுத்தது சார்!"

"எனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியாதே. இந்தத் தடவை மார்க்கெட்ல மூட்டை தூக்குற ஒருத்தரைப் பிடிச்சிருக்கோம். காலைப் பார்த்தாலே கண்ணுல தண்ணி வந்துரும். நீங்க ஒண்ணு பண்ணுங்க, தயாரா வந்து நில்லுங்க. அவரு வரலேன்னா நாற்காலி உங்களுக்குத்தான்."

அந்த வாரம் முழுக்கப் பஞ்சர்காரர் கோயிலே கதியென்று கிடந்தார். மனைவி மெச்சிக்கொண்டாள். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரிந்தால் மெச்சியிருக்க மாட்டாள். 'ஆண்டவரே, அந்த மூட்டைக்காரனுக்குப் பெரிய நோய் எதுவும் வேணாம். எழுந்திரிக்க முடியாத அளவுக்கு ஒரு சின்னக் காய்ச்சல் போதும்.' கேட்டுவிட்டு, மனசு உறுத்தியதால், அதே மூட்டைக்காரன் பெயரில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவைத்தார்.

வியாழக்கிழமை வந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. கடைசி நேரத் தேய்ப்புக்கென்று சட்டைப் பையில் அந்தக் கல். மண்டபத்தை எட்டிப் பார்த்தார். கடைசி நாற்காலி காலி! ஆண்டவர் காது கொடுத்துவிட்டார் என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. காலை இன்னொரு முறை அலசிக்கொண்டு வந்துவிடலாம் என்று மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனார்.

அங்கே ஒருத்தன் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தான். தோளெல்லாம் மூட்டை சுமந்த தழும்பு. வெடித்த குதிகால், விரலிடுக்கில் சேறு, ஒரு காலில் கந்தல் துணிக்கட்டு. சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அண்ணே, வெளிய போக வேற வழி இருக்கா? முன்வாசல்ல எல்லாரும் நிக்கிறாங்க."

பஞ்சர்காரரின் கை அவரைக் கேட்காமலே நீண்டது. "அதோ, சைக்கிள் கொட்டகை பக்கம் சின்ன கேட். திறந்துதான் இருக்கு."

"நல்லா இருப்பீங்கண்ணே." அவன் எழுந்து நொண்டினான்.

பேசாமல் விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "ஏன்யா போற?"

"உள்ள எட்டிப் பாத்தேண்ணே. எல்லார் காலும் சுத்தமா இருக்கு. இதைக் கொண்டுபோய் எப்படி ஃபாதர் கையில வைக்கிறது? என் பொண்டாட்டி வேற நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்கா. அவ கண்ணு முன்னாடி தண்ணி கறுத்துப் போச்சுன்னா..." சொல்லிக்கொண்டே ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

பஞ்சர்காரர் அந்தக் காலையே பார்த்தார். துணிக்கட்டின் ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"வலிக்குதா?"

கேட்டது தான்தானா என்று அவருக்கே திக்கென்றது. மூட்டைக்காரன் நின்றுவிட்டான்.

"வலிக்குதுண்ணே."

போச்சு. எல்லாம் போச்சு. பஞ்சர்காரருக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "அறிவிருக்கா உனக்கு? இந்தக் காலை வச்சுக்கிட்டு மூட்டை தூக்குறியா? உக்காரு. அந்தத் திட்டுல உக்காருன்னு சொல்றேன்!"

குழாயைத் திறந்தார். வெள்ளைச் சட்டையோடு சேற்றில் முட்டி போட்டார். பையன்கள் கை கழுவ வைத்திருந்த சோப்பை எடுத்தார். பையிலிருந்த கல்லை எடுத்தார். புண்ணைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் திட்டினார். தண்ணீர் கறுத்து ஓடியது. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. 'போகுதே, என் நாற்காலி போகுதே' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மட்டும் நிற்கவில்லை.

"பன்னிரண்டாவது ஆளைக் காணோம்! பஞ்சர் அண்ணே! எங்க இருக்கீங்க? வாங்க!" என்று திட்டம் சாரின் குரல் கேட்டது.

காது குளிரக் கேட்டார். அதற்காகத்தானே அந்த வாரமெல்லாம் மண்டியிட்டது. கேட்டுவிட்டு, தன் புதுச் செருப்பை மூட்டைக்காரன் காலில் மாட்டினார்.

"ஓடு. கடைசி நாற்காலி."

"அண்ணே, உங்களைத்தானே கூப்பிடறாங்க..."

"யூதாஸ் நாற்காலிதான், கடிக்காது. போய்த் தொலை!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஃபாதர் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. முத்தமிட்டார். நல்ல சேலைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபாதரின் உதடு அசைந்தது. பஞ்சர்காரருக்கு உயிரே போய்விட்டு வந்தது. எல்லாம் முடிந்து மூட்டைக்காரன் செருப்பைத் திருப்பிக் கொடுக்க வந்ததும் முதல் வேலையாகக் கேட்டார்:

"ஃபாதர் உன்கிட்ட ஏதோ கேட்டாரே, என்ன கேட்டாரு?"

"இன்னொரு காலைக் கேட்டாருண்ணே."

அதற்குள் திட்டம் சார் புலம்பிக்கொண்டே வந்தார். "என்ன அண்ணே இது, மார்க்கெட் ஆளுன்னு நம்பிக் கூட்டிட்டு வந்தா இவரு காலும் பளபளங்குது! ஒரு படம் தேறல." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் பஞ்சர்காரரை மேலும் கீழும் பார்த்தார். வெறுங்கால், முட்டியெல்லாம் சேறு, சட்டையில் கறுப்புத் தண்ணீர். திட்டம் சாரின் முகம் மலர்ந்தது. "அப்படியே நில்லுங்க!" ஒரு படம் எடுத்தார். "இதுதான் வேணும். அடுத்த வருஷம் இதே கோலத்துல வாங்க. நாற்காலி உங்களுக்குத்தான்!"

அடுத்த வருஷமும் வந்தது. இந்தத் தடவை மனைவியும் கூட வந்து, புருஷன் நாற்காலியில் உட்காருகிற அழகைப் பார்க்க மண்டபத்தில் இடம் பிடித்தாள். கடைசி நாற்காலியைத் திட்டம் சார் காவல் காத்துக்கொண்டிருந்தார். பஞ்சர்காரர் கேட்டைத் தாண்டியதும் மூட்டைக்காரன் எதிரே வந்தான். பின்னால், அன்று உட்கார வேண்டியவர்களில் பாதிப் பேர் கூச்சத்தோடு நின்றார்கள்.

"அண்ணே, இவங்க காலையும் கொஞ்சம்..."

"என்னைப் பாத்தா உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியுது?" என்று எரிந்து விழுந்துகொண்டே சட்டைக் கையை மடித்தார்.

உள்ளே பாட்டு தொடங்கியது. பின்பக்கக் குழாயடியில் கழுவக் கழுவ ஒவ்வொருவராக மண்டபத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்தார்கள். கடைசி நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது. திட்டம் சார் லேசுப்பட்டவரா? மைக்கைப் பிடித்து, "வர முடியாத ஏழைகளின் நினைவாக இந்த இருக்கையை வெறுமையாக விட்டிருக்கிறோம்" என்றார். மண்டபமே அழுதது.

அழாதவள் ஒருத்திதான், பஞ்சர்காரர் மனைவி. எழுந்து பின்பக்கம் வந்தாள். பஞ்சர்காரர் முட்டி போட்டு வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒரு கிழவரின் காலைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் குழாயடிக்கு நெருங்கி வந்தாள்.

"ஊரான்கிட்டயெல்லாம் கேக்கிறீங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

சோப்பு நுரையோடு கை அப்படியே நின்றது. பஞ்சர்காரர் திரும்பி, முதல் தடவையாக, அவள் காலைப் பார்த்தார். வீங்கிய கணுக்கால். வெடித்த குதிகால்.

"வலிக்குதா?" என்றார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயடியில் இருந்த குவளையை எடுத்தாள்.

"பெரியவர் ஈரக் காலோட காத்துக்கிட்டிருக்காரு. முதல்ல அந்தக் காலை முடிங்க," என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினாள்.